தாய்மாமனும் பனிக்காலப் பெட்டியும்

முன்ஜாக்கிரதை ஒரு வியாதி. அது எனக்கு முற்றிப்போயிருக்கிறது என்பதை, கனடாவில் ஒரு சாலையோரத்தில், சாம்பார் கரண்டி அளவு மண்வாரியோடு நின்றபோதுதான் தெரிந்துகொண்டேன்.

என் தங்கை தேன்மொழியின் மகள் நித்யா அங்கே ஒரு சிறிய ஊரில் படித்து, அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே ஒரு தமிழ்ப் பையனையும் கண்டுபிடித்துவிட்டாள். தை மாதத்தில் கல்யாணம். (தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சொன்னவர்கள் அந்த ஊர்ச் சாலையைப் பார்த்ததில்லை.) அவள் போனில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மாமா, நீங்கதான் மாலை போட்டு, கையைப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டுப் போகணும். ஓகேவா?"

தாய்மாமனுக்கு வேறென்ன பெருமை வேண்டும்? பூமாலை பயணம் தாங்காது என்று எங்கள் ஊர்ச் சிராங்கூன் சாலைக் கடையில் ஏலக்காய் மாலை சொல்லிவைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அங்கே வாடகைக் கார் ஓட்ட வேண்டுமே என்று வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். பனியில் சிக்குபவர்கள் காரில் ஓர் அவசரப் பெட்டி வைத்திருக்க வேண்டுமாம். குளிர் என்றால் ஏர்கான் மட்டுமே தெரிந்த நான் லிட்டில் இந்தியா முழுக்க அலைந்து கம்பளி, டார்ச், விசில், எச்சரிக்கை முக்கோணம், செடிக்கு மண் அள்ளும் மண்வாரி, துணி காயப்போடும் நைலான் கயிறு, முறுக்கு எல்லாம் வாங்கினேன். டயருக்கு அடியில் போட மணலும் வேண்டும் என்றார்கள்.

"மணலுக்கு எங்க போவீங்க? பிளேகிரவுண்ட்ல அள்ளுனா ஃபைன் போடுவான் லா," என்றாள் என் மனைவி சாந்தி. மணலை மட்டும் விட்டுவிட்டேன்.

ஒத்திகை வேறு பார்த்தேன். புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார்பார்க்கில், கொளுத்தும் மத்தியானத்தில், குளிர்ச் சட்டையும் கம்பளியும் போர்த்திக்கொண்டு காருக்குள் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். கீழ் வீட்டு ஹமீது பாய் கண்ணாடியைத் தட்டினார்.

"என்னண்ணே, வீட்டுல சண்டையா?"

அந்தப் பெட்டியால் என் வேட்டி சட்டை சாந்தியின் பைக்கு மாறியது, சாந்தியின் செருப்புகள் வீட்டிலேயே தங்கின. கனடா போய்ச் சேர்ந்தோம். கல்யாணத்தன்று காலை எல்லோரையும் அழைத்துப்போக மாப்பிள்ளை வீட்டு வேன் எங்கள் விடுதிக்கு வந்தது. தேன்மொழி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, இதுலயே வந்துடு. இடம் இருக்கு."

"நீங்க போங்க. என் கார்ல எல்லா சேஃப்டியும் இருக்கு," என்றேன். அந்த வாக்கியத்தை இன்றைக்கு நினைத்தாலும் என் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வேன் போனதும் நாங்கள் கிளம்பினோம். பாதி வழியில் பனி தூற ஆரம்பித்தது. பூந்தூறல்தான். அந்த ஊர்க்காரர்கள் அதைப் பனி என்றே சொல்ல மாட்டார்கள். ஆனால் வீடியோவில் வந்தவர், பனி கொட்டினால் ஓரங்கட்டு, பெட்டியைக் கையருகே எடுத்து வை என்று சொல்லியிருந்தாரே!

"ரோடு நல்லாத்தாங்க தெரியுது. நிக்காம போங்க," என்றாள் சாந்தி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது," என்று ஓரங்கட்டினேன். ஓரம் என்று நான் நினைத்தது பனி மூடிய பள்ளம். வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் உள்ளே இறங்கின. எந்த ஆபத்தும் இல்லாமல் போய்க்கொண்டிருந்த காரை, ஆபத்துக்குத் தயார்செய்வதற்காகப் பள்ளத்தில் தள்ளிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பெட்டியைத் திறந்தேன். மண்வாரியால் அள்ள அள்ளப் பனி சரிந்து வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தது. மணல் இல்லை. அப்போதுதான் சாந்தியின் பையிலிருந்த மஞ்சள் அரிசி ஞாபகம் வந்தது. தேன்மொழி கேட்டாள் என்று முந்தின நாள் சாந்தி பிசைந்துவைத்த அட்சதை.

"ஐயோ, அது அட்சதைங்க!"

"வேற வழியில்ல. நீ பின்னால நின்னு தள்ளு."

அட்சதை முழுவதையும் சக்கரத்துக்கு அடியில் கொட்டிவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். கார் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. அரிசி மட்டும் பறந்தது. இறங்கிப் பார்த்தால் சாந்தியின் தலை, முகம், பட்டுப்புடவை எல்லாம் மஞ்சள்.

"நம்ம கல்யாணத்துல கூட எம்மேல இவ்வளவு விழல," என்றாள். பிறகு அழுதுவிட்டாள். முகூர்த்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தேன்மொழியின் அழைப்பு வந்தது. "எங்கண்ணே இருக்கே? பொண்ண அழைக்கச் சொல்றாங்க." சாந்திதான் போனை வாங்கி, எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொன்னாள்.

நெடுநேரம் கழித்து அந்த வழியாக வந்த ஒரு லாரிக்காரர் சங்கிலி போட்டு இழுத்துவிட்டார். மண்டபத்துக்குள் ஓடினேன். நித்யாவின் கழுத்தில் தாலி ஏறியிருந்தது. பக்கத்தில், தாய்மாமன் என்று எனக்குக் கட்டவேண்டிய பரிவட்டத்தைத் தலையில் கட்டிக்கொண்டு, நெடுநெடுவென்று ஒரு வெள்ளைக்காரத் தாத்தா நின்றார். நித்யா வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரராம். மாமன் ஸ்தானத்தில் அவர்தான் கையைப் பிடித்து அழைத்து வந்திருக்கிறார்.

தேன்மொழி திட்டியிருந்தால் தேவலை. "வாண்ணே, ரொம்பக் குளிர்ல நின்னியா? முதல்ல சாப்பிடு," என்றாள். நித்யா குனிந்து, "இப்பப் போடுங்க மாமா," என்று ஏலக்காய் மாலைக்குக் கழுத்தை நீட்டினாள். போட்டேன். ஆனாலும் அந்த நாலடி நடை முடிந்துபோனது முடிந்துபோனதுதான்.

இப்போது எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்தில் அட்சதைத் தட்டு வந்தாலும், "மாமாவுக்கு ரெண்டு பிடி போடுங்க, டயருக்கும் வேணும்," என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். தோ பாயோவில் தேன்மொழியின் வீட்டு ஹாலில் அந்தக் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்களிடம் வெள்ளைக்காரத் தாத்தாவைக் காட்டி, "இவருதான் நித்யாவோட தாய்மாமன்," என்பாள். பிறகு சோபாவில் இருக்கும் என்னைக் காட்டி, "இவரு சேஃப்டி ஆபீசர்," என்பாள்.

எல்லோரும் சிரிப்பார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக நான்தான் சிரிப்பேன். சிரித்து முடித்ததும் என் கண் படத்தில் அந்தத் தாத்தாவின் கைக்குப் போகும். அந்தக் கையை நித்யா இறுக்கிப் பிடித்திருப்பாள்.