மூன்று தெருவும் ஒரு கதவும்

இன்னும் மூன்று தெரு. பிறகு ஒரு கதவு. மண்ணிறக் கதவு. உள்ளே போய்ப் பூட்டில் திறப்பை இரண்டு தரம் திருப்பினால் போதும். அதற்குப் பிறகு என்னை ஒருத்தரும் ஒன்றும் கேட்க ஏலாது.

டெல்சி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கேம்பர் வானுக்குள் அவளுக்கென்று இருந்த ஒரே அறை அவளுடைய மனம்தான். அதற்குள்ளும் கொட்வின் அடிக்கடி எட்டிப் பார்த்து, "என்ன யோசிக்கிறீர்?" என்று கேட்பான்.

ஓய்வு பெற்றதும் ஐரோப்பாவைச் சுற்றுவோம் என்று சொன்னது கொட்வின். ஹம்பேர்க்கில் இருந்து போர்த்துக்கல் கடற்கரை வரை போய்த் திரும்ப ஏழு கிழமை, கிட்டத்தட்ட ஐம்பது நாள். வானுக்குள் ஒரு சின்னக் கழிப்பறை இருந்தது. பிரான்சுக்குள் நுழைந்த அன்றே, செல்பி எடுக்கிறேன் என்று கொட்வின் அதன் மடிப்புக் கதவில் சாய்ந்தான். கதவு அவனோடு சேர்ந்து விழுந்தது. டெல்சி தன்னுடைய நீலச் சேலையை அந்த இடத்தில் கட்டித் தொங்கவிட்டாள். அன்றிலிருந்து சேலைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன்.

"டெல்சி, வெளியில மழை."

"டெல்சி, இஞ்ச ஒரு மாடு நிக்குது."

"டெல்சி, முடிஞ்சுதே?"

அவன் கெட்டவனில்லை. எதையும் தனியாகப் பார்க்கத் தெரியாதவன், அவ்வளவுதான். மாட்டைக்கூட.

அதனால் இன்று காலை டெல்சி ஒரு சபதம் எடுத்திருந்தாள். இனி அந்தச் சேலைக்குப் பின்னால் போவதில்லை. அடுத்தது வீட்டில்தான், கதவைப் பூட்டிவிட்டு. தேநீரைக்கூட அரைக் கோப்பையோடு நிறுத்திக்கொண்டாள். இப்போது மத்தியானம் ஆகிவிட்டது. சபதம் அடிவயிற்றில் கனத்தது.

அப்போதுதான் கொட்வினின் தொலைபேசி அடித்தது. "ஓம், ஓம், விளங்குது," என்று சொல்லிவிட்டு அவன் வானை வீட்டுக்கு எதிர்த் திசையில் திருப்பினான்.

ஜேசுரட்ணம் வீடியோ எடுக்க வந்து நிற்கிறானாம். இவ்வளவு தூரம் போய்வந்தவர்கள் அழுக்கு வானில் வந்து இறங்கினால் நல்லாயிருக்குமா என்று கொட்வின் கேட்டான். முன்கண்ணாடியில் ஐந்து நாட்டு இலையான்கள் பறந்து வந்து மோதிச் செத்து ஒட்டிக்கிடந்தன.

டெல்சிக்கு ஜேசுரட்ணத்தைத் தெரியும். ஹம்பேர்க் தமிழர் வீட்டுக் கலியாணம், சாமத்திய வீடு எல்லாவற்றுக்கும் அவன்தான் வீடியோ. ஒரு மாப்பிள்ளையை மூன்று தரம் தாலி கட்ட வைத்தவன். அவன் வந்து நிற்கிறான் என்றால் இது சட்டென்று முடிகிற காரியமில்லை.

வாகனம் கழுவுமிடத்தில் பெரிய வரிசை. நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று டெல்சி கையால் கழுவும் பக்கத்துக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் தானே எடுத்தாள். அது பாம்புபோல் நெளிந்து முதலில் அவளைக் கழுவியது. தலையில் இருந்து சப்பாத்துவரை ஈரம். ஓடுகிற தண்ணீரின் சத்தம் வேறு சபதத்தை மிகவும் சோதித்தது.

இந்தக் கோலத்தில் வீடியோவில் நிற்க ஏலாது, உடுப்பை மாற்றும் என்றான் கொட்வின். மாற்ற ஒன்றும் இல்லை. எல்லாம் அழுக்கு மூட்டையில் கிடந்தன. வானுக்குள் உலர்ந்து தொங்கியது ஒரே ஒரு துணிதான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள்.

"மணக்காதே?" என்று டெல்சி மெல்லக் கேட்டாள்.

கொட்வின் லவெண்டர் வாசனைத் தெளிப்பானை எடுத்து அவளைச் சுற்றி வந்து அடித்தான். கழிப்பறையின் சேலை அவள் உடம்பில் இருந்தது. கழிப்பறைக்கு இப்போது சேலைகூட இல்லை. இனிப் பின்வாங்க வழியில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுத் தெருவில் கூட்டம் நின்றது. பக்கத்து ஊரில் இருந்து வந்திருந்த சாந்தா அக்கா கையில் இரண்டு மாலை. தெரு நடுவே கமரா முக்காலியோடு ஜேசுரட்ணம். கொட்வின் ஆவலாக வந்து நிறுத்தினான்.

"அண்ணை, கடைக்குப் போட்டு வாற மாதிரி வாறியள்," என்றான் ஜேசுரட்ணம். "களைச்சு வாங்கோ. ஐரோப்பா தெரியவேணும்."

அது ஒருவழித் தெரு. திரும்ப வருவதென்றால் ஊரையே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றினார்கள். இந்த முறை பிழை வரவே கூடாது என்று டெல்சி, நடை வேகத்தில் போகச் சொன்னாள். கொட்வின் அப்படியே ஊர்ந்தான். பின்னால் வந்த பஸ் மாட்டிக்கொண்டு ஹோர்ன் அடித்தது. பஸ்ஸில் இருந்த சனம் கமராவைக் கண்டு கை அசைத்தது. பஸ்தான் ஐரோப்பா சுற்றி வந்தது போல இருக்கிறது, இன்னுமொருக்கால் வாங்கோ என்று ஜேசுரட்ணம் அனுப்பிவிட்டான்.

மூன்றாவது முறை மாலை போடும் வரைக்கும் வந்துவிட்டது. இவ்வளவு கிட்ட வந்ததே டெல்சிக்குத் தாங்கவில்லை. கால்களைப் பின்னிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, முகத்தில கொஞ்சம் சந்தோசம்."

அவள் சிரித்தாள்.

"இவ்வளவு வேண்டாம் அக்கா. ஆக்கள் பயந்திடுவினம்."

என் முகம்தானே பிரச்சினை, பின்னால் இருந்து எடும் தம்பி என்றாள் அவள். முடிந்துவிடும் என்று நம்பித்தான் சொன்னாள். ஜேசுரட்ணம் அவளை மரியாதையோடு பார்த்தான். அருமையான யோசனை அக்கா, ஒருத்தருக்கும் தோன்றவில்லை என்று சொல்லி, முழுக் கூட்டத்தையும் தெருவின் மற்றப் பக்கத்துக்கு நகர்த்தத் தொடங்கினான். சாந்தா அக்கா போட்ட மாலையைக் கழற்றித் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

கொட்வின் அவனிடம் குனிந்து, "இன்னும் எவ்வளவு?" என்று கேட்டது டெல்சியின் காதில் விழுந்தது.

"அரை மணித்தியாலம் வேணுமாம் அண்ணை."

வெயில் சாய்கிறதற்குக் காத்திருக்கிறார்கள் என்று அவள் விளங்கிக்கொண்டாள். அரை மணித்தியாலம். உள்ளே ஏதோ ஒன்று, இல்லை என்று தலையை ஆட்டியது.

நான்காவது சுற்றில், தெரு முனைச் சிவப்பு விளக்கில் வான் நின்றபோது டெல்சி இறங்கி நடந்தாள். ஓட முடியாத காரணம் இருந்ததால் மட்டுமே நடந்தாள். கொட்வின் கண்ணாடியை இறக்கி, இப்ப போகக் கூடாது, டெல்சி, இப்ப போகக் கூடாது என்று கத்தினான். ஜேசுரட்ணம் கமராவோடு பின்னால் ஓடிவந்தான்.

"நல்லாயிருக்கு அக்கா, அப்பிடியே போங்கோ. வீட்டைக் கண்டு உருகிற மாதிரி."

கேக் வெட்டாமல் உள்ளே போவதாவது என்று சாந்தா அக்கா வாசலை மறித்தாள். டெல்சி அவள் கைக்குக் கீழால் குனிந்து நுழைந்து படியேறினாள்.

மேலே போய் நின்றுவிட்டாள்.

குளியலறை இருந்த இடத்தில் வேறொரு குளியலறை இருந்தது. சுவர் முழுக்க நீல டைல்ஸ். லிஸ்பனில் ஒரு பழைய சுவரைத் தடவி, என்ன வடிவான நீலம் என்று சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. அப்போது கொட்வின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தான். தொட்டதை அவன் பார்த்திருக்கிறான். பார்த்து, படத்தை இங்கே அனுப்பி, வழியெல்லாம் தொலைபேசியில் பேசி இதைக் கட்டுவித்திருக்கிறான். அவள் கண் கலங்கியது. ஒரு கணம் அடிவயிறுகூட மறந்துபோனது.

புதுக் குளியல் தொட்டியின் விளிம்பில், சீமெந்து படிந்த கையோடு டைல்ஸ் பதிக்கிற தபோதரன் இருந்து றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழும்பினான்.

"அதுக்குள்ள வந்திட்டியளே அக்கா? சீமெந்து காயும் மட்டும் வீடியோ எண்டு சொல்லி மறிச்சு வைக்கிறன் எண்டெல்லோ அண்ணை சொன்னவர். பரவாயில்லை, எல்லாம் முடிஞ்சுது. கதவு மட்டும்தான் இல்லை. பழைய மண்ணிறக் கதவை எறிஞ்சாச்சு, புதுசு வாற மாதம் வரும்."

டெல்சி திரும்பிப் பார்த்தாள். கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஜேசுரட்ணத்தின் கமரா இருந்தது. அதற்குப் பின்னால் சாந்தா அக்கா, கேக், பாதித் தெரு. எல்லோருக்கும் முன்னால் மூச்சு வாங்கியபடி கொட்வின். அவன் முகம் பிரகாசமாக இருந்தது. ஒருக்கால் கீழே போய், இப்பதான் முதன்முதல் காணுகிற மாதிரித் திரும்பி வாரும் என்று கேட்டான்.

அவள் கீழே போனாள். வாசலைத் தாண்டினாள். தெருவோரம் அவசரமாக நிறுத்தியிருந்த வானுக்குள் ஏறி, கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள். யன்னல் திரைகளை எல்லாம் மூடினாள்.

உள்ளே ஒருத்தரும் இல்லை. வெளியில் மழையா, மாடா என்று சொல்லவும் ஆளில்லை. சேலைக்கும் தேவையில்லை. டெல்சி ஆறுதலாக, மிக மிக ஆறுதலாக இருந்தாள்.

வெகு நேரத்துக்குப் பிறகு வானின் கதவில் தட்டும் சத்தம் கேட்டது.

"டெல்சி, எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம். இறங்கி வீட்டுக்கு வாருமன்."

"நீங்கள் போங்கோ," என்றாள் அவள் தாழ்ந்த குரலில். "நான் கதவு வந்த பிறகு வாறன்."