டவுட் அண்ணனும் கறுப்புக் கட்டங்களும்

சிங்கப்பூரில் டவுட் அண்ணன் நம்பிய ஒரே பொருள் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம்தான். அதையும் பிரித்து, நெத்திலி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உட்காருவார்.

தொழில், சிசிடிவி கேமரா பொருத்துவது. ஞாயிறுதோறும், கூட்டங்களில் பேசப் பழகுகிறவர்களுக்கு ஆன்லைனில் பயிற்சி தருவார், இலவசமாக. ஒரு பெண் கடற்கரைப் படத்தைப் பின்னணியில் போட்டுக்கொண்டு அருமையாகப் பேசினார். நாங்கள் கைதட்டினோம். அண்ணன் மட்டும், "பீச்சுல எப்படிம்மா குக்கர் விசில் அடிக்குது? பின்னாடி பொய் இருந்தா முன்னாடி பேச்சை எவன் நம்புவான்? எடுத்துடுங்க" என்றார். இன்னொருவரிடம், "கண்ணு கீழயே போகுது. பேப்பர் வச்சிருக்கீங்க. கையத் தூக்குங்க!" என்று அதட்டினார். அவர் பதறி இரண்டு கைகளையும் தூக்க, பேப்பர் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

நான் மட்டும் லேசுப்பட்டவனா? காசு வாங்காமல் உதவுகிறவர் கடைசியில் இன்சூரன்ஸ் ஃபாரத்தை நீட்டுவார் என்றுதான் நினைத்தேன். இருந்தும் அவரிடம் போனேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஆன்லைனில் நான் விளக்கம் தர வேண்டும். சொதப்பினால் வேலை உறுதியாகாது. வேலை போனால் இங்கே தங்குவதற்கான வொர்க் பாஸும் போகும். மூட்டை முடிச்சோடு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். எனக்கோ, எல்லாரும் கேமராவை அணைத்துக் கறுப்புக் கட்டங்களாகிவிட்டால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். கேட்கிறார்களா, சிரிக்கிறார்களா, யாருக்குத் தெரியும்?

அண்ணன் என்னைப் பிடோக் வட்டாரத்தில் தான் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனார். சுவர் முழுக்க, மூடிக் கிடந்த தபால் பெட்டிகள்.

"பேசு தம்பி."

"இதுங்ககிட்டயாண்ணே?"

"அதுவும் மூஞ்சியக் காட்டாது, இதுவும் மூஞ்சியக் காட்டாது. பேசு லா!"

பேசினேன். வருகிறவர் போகிறவரெல்லாம் ஒதுங்கி நடந்தார்கள். ஒரு சீன ஆன்ட்டி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தபடி தன் பெட்டியைத் திறந்தார். "பாத்தியா, ஒருத்தங்க கேமரா ஆன் பண்ணிட்டாங்க! அவங்களப் பாத்துப் பேசு!" என்று அண்ணன் குதித்தார். ஆன்ட்டி கடிதத்தை எடுக்காமலே லிஃப்டுக்கு ஓடிவிட்டார்.

அந்த நாளும் வந்தது. திரை முழுக்கக் கறுப்பு. பாதி பேசியும் ஒரு சத்தமில்லை. போச்சுடா என்று நினைத்தேன். அண்ணன் பழக்கியபடி நிறுத்தி, இதுவரை தெளிவாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பதறாமல் காத்திருந்தேன். ஒரு கட்டம் இருமியது. இன்னொன்று கேள்வி கேட்டது. நான் பதில் சொல்லச் சொல்ல, ஒவ்வொருவராக முகம் காட்டினார்கள். மாலையே மேலதிகாரி வேலையை உறுதி செய்துவிட்டார்.

தேக்கா கடைத்தெருவில் ஸ்வீட் வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். கம்பிக் கதவைத் திறக்காமல், "எதுக்கு ஸ்வீட்டு? உனக்கு என்ன வேணும்?" என்றார்.

"வேலை உறுதியாயிடுச்சுண்ணே!"

"யாரு சொன்னா? எழுத்துல குடுத்தாங்களா?"

மின்னஞ்சலைக் காட்டினேன். திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு உள்ளே பார்த்து, "சோறு போடு, பசிக்குது" என்று குரல் கொடுத்தார்.

அவர் மனைவி வந்து கதவைத் திறந்தார். "காலையிலருந்து ஒரு வாய் சாப்பிடல தம்பி. உனக்கு என்ன ஆச்சோன்னு ஃபோனையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு."

என் அம்மாவுக்குப் பிறகு எனக்காகப் பட்டினி கிடந்தது அவர் ஒருவர்தான்.