மருத்துவர் வண்டிகளை எங்கே நிறுத்துவது?

மழைக்கு முன்பே குடைவரி விதித்த நாடு ஒன்று உண்டு, மாடமங்கலம் என்பார்கள். அந்நாட்டின் ஒரே மருத்துவமனையை ஏழடுக்காக உயர்த்த மன்னர் ஆணையிட்டார். கல்லும் மணலும் கொட்ட இடம் வேண்டுமே? மருத்துவர்களின் மாட்டுவண்டிகள் நின்ற முற்றத்தை மறுநாளே அடைத்துவிட்டார்கள்.

பிரசவம் பார்க்கும் பூங்கோதை அதிகம் பேசமாட்டாள். அடுத்து என்ன சொல்வார்களோ என்ற ஆவலில்தான் நிறுத்தத்துறை அமைச்சர் மாவலியாரின் கூட்டத்துக்குப் போனாள்.

“வண்டிகள் இனி அக்கரைத் திடலில் நிற்கும். நடப்பது உடலுக்கு நல்லதென்று நீங்கள்தானே ஊருக்குச் சொல்கிறீர்கள்?” என்றார் அமைச்சர்.

திடலில் அயலார் வண்டிகளும் புகுந்தன. உடனே அடுத்த ஆணை: மணி அடிக்கும்போதெல்லாம் உடையவர் தம் வண்டியின் நுகத்தைப் பிடித்து நிற்க வேண்டும். ஆற்றைக் கடந்து மருத்துவமனை வாசலை மிதிப்பதற்குள் அடுத்த மணி அடித்தது. மருத்துவர்கள் முறையிட்டதும் தேர்தல் வைத்தார்கள். ஒருவர் நிழல் தருவேன் என்றார். மற்றவர் ஓடம் விடுவேன் என்றார். வென்றவர் நிழல்துறை அமைச்சரானார், தோற்றவர் ஓடத்துறை அமைச்சரானார். இருவரின் பல்லக்குகளும் நிற்கத் திடலின் மரத்தடி முழுவதும் ஒதுக்கப்பட்டது.

இதெல்லாம் எங்கே போய் முடியும் என்று பூங்கோதை வெயிலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தாள். அப்போது கட்டடத்தில் மண் சுமக்கும் வள்ளிக்கொடியின் கணவன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“அம்மா, புள்ள கால் மொதல்ல வருது! சீக்கிரம் வாங்க!”

காவலர் திடலின் வாயிலை அடைத்தனர். மணி அடிக்கும் நேரம்.

“மருத்துவர் வெளியே போகக் கூடாது. நோயாளி உள்ளே வர விதியில் தடையில்லை,” என்றார் மேற்பார்வைக்கு வந்திருந்த மாவலியார்.

மண் சுமக்கும் தூளியில் வள்ளிக்கொடியைத் தூக்கி வந்தார்கள். பூங்கோதையின் வண்டியில் கிடத்தினார்கள். மணி அடித்தது.

“நுகத்தைப் பிடியுங்கள்!”

“ரெண்டு கையும் உள்ள இருக்குய்யா. நீங்க புடிங்க. மாடு அசைஞ்சா ரெண்டு உசுரு போயிடும்.”

அமைச்சர் பிடித்தார். பிள்ளை அழும்வரை விடவில்லை.

சேதி பரவியது. நோயாளிகள் ஆற்றைக் கடந்து வரத் தொடங்கினார்கள். வண்டிக்கு வண்டி வைத்தியம் நடந்தது. இக்கரையில் ஏழடுக்கு எழும்பி முடிந்தபோது அதில் கொத்தனாரைத் தவிர யாருமில்லை. திறந்துவைக்க வந்த மன்னர் கூட்டத்தைத் தேடினார்.

“தங்கள் ஆட்சியின் மாட்சியால் திடலில் ஒரு மருத்துவமனை தானே முளைத்திருக்கிறது, மன்னா,” என்றார் மாவலியார்.

மன்னர் உருகிப்போனார். “அதற்குப் பத்தடுக்கு கட்டுங்கள்!”

திடலைக் காலிசெய்யச் சொன்னார்கள். ஏழடுக்கு சும்மாதானே இருக்கிறது; மாடுகள் ஏறச் சாய்தளம் அமைத்து வண்டிகளை அங்கே நிறுத்தினார்கள்.

புதிய கட்டடத்துக்கு நூல் பிடித்து முளையடித்துக்கொண்டிருந்தார்கள். கல் சுமக்க வந்த வள்ளிக்கொடி இடுப்பில் பிள்ளையோடு கேட்டாள்: “அக்கா, அடுத்த புள்ளைக்கு எங்க வரணும்?”

பூங்கோதை முளைகளுக்கிடையே இழுத்திருந்த நூலைத் தாண்டி வந்தாள்.

“எங்க இன்னும் நூல் புடிக்கலையோ, அங்க வா.”