‘எஸ்’ காவலர்

உங்கள் கட்டடத்திலும் ஒருவர் இருப்பார். அடுத்தவர் பேசும் ஆங்கிலத்தில் பன்மைச் சொல்லின் வாலில் ‘எஸ்’ ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே பிறந்தவர். ‘ஃபைவ் பாக்ஸ் வந்திருக்கு’ என்றால், என்ன வந்திருக்கிறது என்று கேட்கமாட்டார், ‘பாக்ஸஸ்’ என்பார். தன் பிறந்தநாளுக்கு வந்தவர்களிடம் ‘எவ்ரிபடி ஆர் வெல்கம்’ என்று சொன்ன பேத்தியை, மெழுகுவர்த்தி உருகி வழியும் வரை ‘இஸ்’ சொல்லவைத்துக்கொண்டிருந்தார் எங்கள் கட்டடத்து ‘எஸ்’ காவலர். தமிழில் அவரே ‘அவங்க வந்துச்சு’ என்பார். அதற்கென்ன? தமிழ்தானே.

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். பிரித்ததைப் பூட்டிய பின் ஒரு திருகாணிகூட மிஞ்சவிடாதவன். ஒருநாள் எங்கள் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இரண்டு பிள்ளைகள். மேலே மோட்டார் அறையில் ஒருவர் பிரேக்கைத் தளர்த்த, கீழே இன்னொருவர் கதவைத் திறக்கவேண்டும். ஆள் கேட்டுத் தன் கம்பெனி அலுவலகத்துக்குப் போன் போட்டான். எடுத்தவருக்குத் தமிழ் தெரியாது. கட்டடத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, “டூ சைல்டு இன்சைட். செண்ட் ஒன் மேன்” என்றான்.

“சில்ட்ரன், தம்பி,” என்றார் காவலர். “சைல்டுன்னா ஒண்ணுதான். ஆபீஸ்ல நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?”

லிஃப்ட் கதவைத் தட்டிக்கொண்டிருந்த அம்மா திரும்பினார். “சார், உள்ள இருக்கிறது என் பிள்ளைங்க.”

“அதைத்தானேம்மா நானும் சொல்றேன். பிள்ளைங்க. பன்மை.”

தம்பி போனை அவர் கையில் வைத்தான். “நீங்களே நல்லபடியா சொல்லுங்க சார்.” மோட்டார் அறைக்கு ஓடிவிட்டான்.

காவலர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ‘சில்ட்ரன்’ என்று தொடங்கி, ‘தே’, ‘தெம்’, ‘தேர்’ என்று ஒன்றும் பிசகாமல் அடுக்கி, அவர் மூன்றாவது வாக்கியத்தை மெருகேற்றிக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தெருவில் வேலையாக இருந்த இன்னொரு மெக்கானிக் வந்து கதவைத் திறந்து, வியர்வையில் நனைந்திருந்த இரண்டு பிள்ளைகளையும் அம்மாவின் கையில் இறக்கிவிட்டார். ‘டூ சைல்டு’ காதில் விழுந்ததுமே அலுவலகத்தில் எடுத்தவர் போனை வைத்துவிட்டு அவரை அனுப்பியிருக்கிறார். எதிர்முனையில் யாருமில்லாத போனைக் காவலர் பெருமையோடு அணைத்தார்.

“பாத்தீங்களாம்மா? சரியா சொன்னதும் ஆள் வந்துட்டாரு.”

சிரிக்காதீர்கள். என் தம்பி போனில் சொன்னதைச் சற்றுமுன் நீங்களும் படித்தீர்கள். படித்ததும் உங்கள் மனம் பதறியது உள்ளே இருந்த பிள்ளைகளுக்காகவா, இலக்கணத்துக்காகவா?

யோசித்துச் சொல்லுங்கள். அவசரமில்லை. பிள்ளைகள் வெளியே வந்துவிட்டார்கள்.