வளைக்கு ஒரு பட்டா, கரடியாருக்கு ஒரு பாட்டில்

ஒரு காட்டில் வேலாயுதம் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. எந்தக் காடு என்று கேட்காதீர்கள், சொன்னால் எனக்கு வம்பு.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். வேலாயுதத்துக்குத் தனி வளை இருந்தது, பட்டாதான் இல்லை. பட்டா இல்லாத வளைகளை ஐப்பசி மழைக்கு முன்னால் மண் தள்ளி மூடப்போவதாக மரத்துக்கு மரம் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வேலாயுதத்தின் மனைவி கோமளவல்லி வேறு மாசமாக இருந்தது. முள்ளோடு பிறக்கப்போகிற பிள்ளையைச் சுமப்பதற்கே தனித் தெம்பு வேண்டும். அதில் வீடும் போகும் என்றால் யாருக்குத் தூக்கம் வரும்?

பட்டாவில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஜம்புலிங்கக் கரடியார். மற்ற எல்லாவற்றையும் அது இது என்று சொல்லிவிட்டு இவரை மட்டும் அவர் என்கிறேனே என்று பார்க்காதீர்கள். அந்த ஆபீசில் என்னுடைய மனுவும் ஒன்று கிடக்கிறது.

மூன்று வருஷமாக வேலாயுதம் அங்கே நடையாய் நடந்தது. கிளார்க் ஓணான். "இந்த மாசம் ஆயிருமா?" என்று கேட்டால் தலையாட்டும். "ஆகாதா?" என்று கேட்டாலும் அதே ஆட்டல்தான். அந்தத் தலையாட்டலை நம்பி வீட்டுக்குப் போன மிருகங்கள் அந்தக் காட்டில் ஏராளம்.

ஒரு நாள் ஓணானே இரக்கப்பட்டு வாயைத் திறந்தது. "வர்ற வெள்ளிக்கிழமை ஐயாவுக்குப் பிறந்தநாள்யா."

"தேன் கொண்டாரட்டுமா?"

"நாசமாப் போச்சு. ஐயாவுக்கு சுகர் முந்நூத்தம்பது. போன வருஷம் தேன் குடுத்தவன் ஃபைல் பீரோவுக்கு அடியில கெடக்கு. டாக்டரு சிவப்பு ஒயின் மட்டும் குடிக்கலாம்னுட்டாராம். எந்த டாக்டருன்னு என்னைக் கேக்காத."

பிறந்ததிலிருந்து கிழங்கும் வேரும் தவிர வேறெதையும் தொடாத பிராணி வேலாயுதம். அது நேராக முச்சந்தியில் 'ஒயின் ஷாப்' என்று போர்டு மாட்டிய கடைக்குப் போய், ஒரு ஒயின் கொடு என்றது. கம்பி வலைக்குப் பின்னாலிருந்த குரங்கு அதை மேலும் கீழும் பார்த்தது.

"அண்ணே, ஒயின் போர்டுல மட்டும்தான் இருக்கு. உள்ள பிராந்தி, ரம்மு. மலை மேல ஏசி போட்ட பெரிய கடை இருக்கு, அங்க கேட்டுப் பாருங்க."

மலை மேல் கடையில் டை கட்டிய புனுகுப்பூனை ஒன்று நின்றது. "பரிசா சார்? குடிக்கிறவர் கூட என்ன சாப்பிடுவார்?"

"கரையான்."

புனுகுப்பூனை கண்ணை மூடி யோசித்தது. "கரையானுக்குக் கனமான ஒயின்தான் சார் சேரும். சிவப்பெறும்புன்னா லேசானதாக் குடுத்திருப்பேன்." பிறகு ஒரு கிண்ணத்தில் துளி ஊற்றி மூக்கை விட்டது. "நாவல்பழம், மழை பெஞ்ச மண்ணு, பழைய தோல் செருப்பு, கடைசியில லேசா புகையிலை. வாசம் தெரியுதா சார்?"

"தெரியுது. எங்க வளைக்குள்ள எப்பவுமே இந்த வாசம்தான்."

புனுகுப்பூனை மூன்று பாட்டில்களை எடுத்து வைத்தது. ஒன்றின் மேல் துப்பாக்கியோடு வேட்டைக்காரன் படம். பிறந்தநாளும் அதுவுமாக எந்தக் கரடிக்கு அதைக் கொடுப்பது? இன்னொன்றில் தேனீ, அது சுகரை ஞாபகப்படுத்தும். மூன்றாவதில் படமே இல்லை, பெயரையும் வாசிக்க முடியவில்லை. வாசிக்க முடியாததால் உசத்தியாகத்தான் இருக்கும் என்று வேலாயுதத்துக்குப் பட்டது.

"பாட்டில் அடியில குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு உசத்தி சார்," என்றது புனுகுப்பூனை. வேலாயுதம் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி மூன்றிலும் விட்டு அளந்து பார்த்தது. மூன்றாவதில்தான் ஆழம். மழைக்காலத்துக்குச் சேர்த்து வைத்திருந்த கிழங்கு மொத்தத்தையும் கொடுத்து அதையே வாங்கியது.

அதே நேரம், பட்டாவுக்கு அலைகிற இன்னொரு ஜீவன், பக்கத்து வளைப் பெருச்சாளி பரமசிவம், கீழ்த்தட்டிலிருந்து திருகு மூடி போட்ட மலிவுப் பாட்டில் ஒன்றைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டிருந்தது. "அது சமையலுக்கு வாங்குறது," என்று புனுகுப்பூனை முகம் சுளித்தது. வேலாயுதத்துக்கே பரமசிவத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பாட்டிலைப் பேப்பரில் சுற்றி, யாருக்கும் தெரியாமலிருக்கக் கறுப்புக் கவரில் போட்டுக்கொண்டு வேலாயுதம் மலையிறங்கியது. கறுப்புக் கவரைப் பார்த்ததும் காட்டுக்கே விஷயம் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கரடியார் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, நல்ல கனம்," என்றார். பிறகு குவார்ட்டரைத் திறக்கிற பழக்கத்தில் பாட்டிலைக் கவிழ்த்து அடியில் நாலு தட்டு தட்டினார். பாட்டில் வாயிலிருந்த தக்கை அசையவில்லை. ஓணான் செருப்பைக் கழற்றி அடித்தது. பேனாவால் குத்தியதில் பேனா முறிந்ததுதான் மிச்சம். பல்லால் கடித்த கரடியாருக்குக் கடைவாய் வலி வந்தது.

அந்தச் சமயம் பார்த்துப் பரமசிவம் உள்ளே வந்தது. வணக்கம் சொன்னது, தன் பாட்டிலின் மூடியைத் திருகியது, ஊற்றியது. கரடியார் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "இவன்தான்யா விவரமானவன்," என்று புதுப் பேனா வாங்கி வரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பரமசிவம் வந்ததும் போனதும் பத்தே நிமிஷம்.

வேலாயுதம் தன் பாட்டிலைக் கையில் எடுத்தது. நம் பாட்டில் திறக்காவிட்டால் நம் கதி என்ன? சட்டென்று இரண்டு முள்ளைப் பிடுங்கி, தக்கையின் இரண்டு பக்கமும் செருகி, மெல்லத் திருகி இழுத்தது. டப்பென்று வந்தது தக்கை.

கரடியார் வாயைப் பிளந்தார். இரண்டு கிளாஸ் குடித்தார். "இது கலர் குடுக்குமாமே," என்று கண்ணாடியைப் பார்த்தார். "கொஞ்சம் செவத்த மாதிரி இல்ல?" ஓணான் தலையாட்டியது.

"இவன் ஃபைலை எடு," என்றார்.

மூன்று வருஷத் தூசியோடு ஃபைல் வந்தது. கரடியார் பேனாவைத் திறந்தார், தாளில் வைத்தார், நிறுத்தினார்.

"வேலாயுதம், இதுல போட்டுட்டா நீ அப்புறம் இந்தப் பக்கம் வருவியா?"

உண்மை பேசினால் நல்லது நடக்கும் என்று வளர்க்கப்பட்ட பிராணி அது. "எதுக்குய்யா வரப்போறேன்," என்றது.

கரடியார் பேனாவை மூடிவிட்டு பீரோவைத் திறந்தார். உள்ளே தக்கை போட்ட பாட்டில்கள் மேல்தட்டு வரை அடுக்கியிருந்தன. "சுகர் வந்த நாள்லேருந்து எல்லாரும் குடுத்தது. ஒரு பயலுக்கும் திறக்கத் தெரியல. வாராவாரம் வெள்ளிக்கிழமை வந்துரு. வந்தா அந்த வாரம் உன் வளையை மூட மாட்டாங்க."

வேலாயுதம் போனது. போய்க்கொண்டே இருந்தது. பீரோவில் ஒன்று காலியானால் புது மனுக்காரர்கள் இரண்டு கொண்டுவந்து வைத்தார்கள். வேலாயுதத்தின் முதுகில் அங்கங்கே சொட்டை விழ ஆரம்பித்தது.

மழை தொடங்கிய வாரம் கோமளவல்லிக்கு ஆண் குட்டி பிறந்தது. ஓணான் பழத்தோடு பார்க்க வந்தது. குட்டியின் முதுகை அன்பாகத் தடவிப் பார்த்தது. முள் இன்னும் பஞ்சுமாதிரிதான் இருந்தது.

"ஐயா கேட்டுட்டு வரச் சொன்னாரு," என்றது. "இது எப்போ கெட்டியாகும்? சீக்கிரம் ஆயிருமா?"

கோமளவல்லி புருஷனைப் பார்த்தது. வேலாயுதம் தலையாட்டியது. அதற்கு ஆகும் என்று அர்த்தமா, ஆகாது என்று அர்த்தமா என்பது ஓணானுக்கே விளங்கவில்லை.

நீதி: பெரிய இடத்துக்குப் பரிசாக ஒயின் வாங்கினால் திருகு மூடி போட்டதாகப் பார்த்து வாங்கு. தக்கை போட்டதுதான் கிடைத்தது என்றால், அதைத் திறக்கத் தெரியும் என்பதைச் செத்தாலும் காட்டிக்கொள்ளாதே.