தெருவுக்கு ஆடிட் வந்த நாள்

ஜோதிமணி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுத் தெருப் பெயர்ப் பலகையை இரண்டு தடவை படித்தாள். பெயர் சரிதான். தெருதான் சரியில்லை. அதாவது ரொம்பச் சரியாக இருந்தது.

காலையில் கிளம்பும்போது இங்கே ஏழு குழிகள் இருந்தன. இப்போது மதியம் பன்னிரண்டு. ஒன்றைக்கூடக் காணோம். திறந்து கிடந்த சாக்கடைமேல் வரிசையாகத் தகரத் தகடுகள். தெருவின் இரண்டு பக்கமும் நூல் பிடித்த மாதிரி மஞ்சள் கோடு. எதிர்வீட்டு ரோஷன் பீயின் ஆட்டைக்கூட ஒரு மஞ்சள் கட்டத்துக்குள் கட்டி, பக்கத்தில் 'ஆடு – 1' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள்.

"ஐயையோ! யாரு என் தெருவ இப்புடிப் பண்ணுனது?"

ஜோதிமணி அந்த வார்டின் கவுன்சிலர். நாலு வருஷம் முன்புவரை இது பஞ்சாயத்து. ஓசூர் மாநகராட்சியோடு சேர்த்த பிறகு வீட்டு வரி மாநகரம் ஆனது. சாக்கடை கிராமமாகவே இருந்தது. ஒரு மழை பெய்தால் போதும், சாக்கடைத் தண்ணீர் ரோஷன் பீயின் சமையலறைக்குள் வந்து அடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும். வடிகால் கட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் ஜோதிமணி ஜெயித்தாள்.

இந்த வருஷம்தான் வழி பிறந்தது. இனி எல்லா வார்டுக்கும் ஒரே அளவு நிதி கிடையாதாம். எங்கே தேவை அதிகமோ அங்கேதான் பணமாம். எது மோசம் என்று பார்க்க ஓர் அதிகாரி நேரிலேயே வருகிறாராம். மோசத்துக்கு மார்க் என்றால் தன் தெருவை அடிக்க ஆளே கிடையாது என்று ஜோதிமணி நிம்மதியாக இருந்தாள்.

"நாங்கதான்க்கா பண்ணுனோம்!" என்று கையில் பெயிண்ட் பிரஷோடு வந்தான் மாதவன். பக்கத்து சிப்காட் தொழிற்பேட்டையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். "நீங்கதான காலையில குரூப்ல போட்டீங்க, மூணு மணிக்கு ஆடிட் வருதுன்னு?"

ஜோதிமணி தலையில் அடித்துக்கொண்டாள். மாநகராட்சி ஆபீசில் 'கள ஆய்வு' என்றுதான் சொன்னார்கள். பத்து வருஷம் ஃபேக்டரியில் வேலை பார்த்த விரல், தானாக 'ஆடிட்' என்று போட்டுவிட்டது. தெருவில் வீட்டுக்கு இரண்டு பேர் ஃபேக்டரிக்குப் போகிறவர்கள். அந்த வார்த்தையைப் பார்த்தால் தூக்கத்தில்கூட எழுந்து துடைப்பார்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவன் ஒருத்தன்கூடப் படுக்கவில்லை.

"உள்ளது உள்ளபடி இருக்கட்டும்னும் போட்டேனே மாதவா!"

"எங்க மேனேஜரும் அப்புடித்தான்க்கா போடுவாரு. அத நம்பி ஒரு தூசிய விட்டம்னா அன்னைக்கே மெமோ."

"சரி, ஒரே ஒரு குழியத் தோண்டிக் குடு. உனக்குப் புண்ணியமாப் போவும்."

"முடியாதுக்கா. மெஷினுக்கு அடியில போடற சிமெண்ட்டு. அரை மணி நேரத்துல இரும்பாயிரும்."

ஜோதிமணி கடப்பாரையை வாங்கித் தானே இறங்கினாள். ஓங்கிக் குத்தினாள். டங்கென்று சத்தம் வந்தது, சிமெண்ட் வரவில்லை. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கவுன்சிலரே தரம் பார்க்கிறார் என்று யாரோ வீடியோ வேறு எடுத்தார்கள்.

அடுத்து, துப்புரவு மேஸ்திரி கங்கப்பனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, ஒரு வண்டி குப்பை வேணும். எங்க தெரு முனையில கொட்டணும்."

"எடுக்கறதுக்குத்தாம்மா எனக்கு ஆர்டர். கொட்டறதுக்கு யாரக் கேக்கணும்னே தெரியலயே."

"நான் கவுன்சிலர் சொல்றேன், கொண்டாங்க!"

குப்பை வந்தது. கொட்டி முடிக்கவில்லை, இருபது பேர் கையுறை மாட்டிக்கொண்டு பாய்ந்தார்கள். மக்குவது ஒரு பக்கம், மக்காதது ஒரு பக்கம், இரும்பு தனி, ரப்பர் தனி. கால் மணி நேரத்தில் எல்லாம் கலர் கலராக டிரம்முக்குள் போய்விட்டது. கங்கப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. வந்ததுக்கு என் பங்கு என்று தெரு நெடுக பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போனார்.

இனி வாய் வார்த்தைதான் கதி என்று ரோஷன் பீ வீட்டுக்கு ஓடினாள் ஜோதிமணி.

"அக்கா, ஆபீசர் வந்தா தண்ணி உள்ள வர்றதச் சொல்லுங்க. கொஞ்சம் அழுதாக்கூடத் தப்பில்ல."

"நீ போ ஜோதி, நான் பாத்துக்கறேன்" என்றாள் ரோஷன் பீ. அந்தக் குரலில் இருந்த தைரியத்தைக் கேட்டு ஜோதிமணிக்குப் பாதி உயிர் திரும்பியது.

சரியாக மூன்று மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி இறங்கி மஞ்சள் கோட்டை உற்றுப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார், ஸ்டிக்கரைப் படித்தார். ரோஷன் பீ தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சர்பத்தோடு வந்தாள்.

"ஏம்மா, வீட்டுக்குள்ள தண்ணி வருதாமே?"

"வெயில்ல வந்த மனுசங்க, மொதல்ல குடிங்க சார். எங்களுக்கென்ன கொறை? அல்லாஹ் புண்ணியத்துல நல்லா இருக்கோம்!"

"அக்கா!" என்று அலறினாள் ஜோதிமணி.

"அட சும்மா இரு ஜோதி. வாசப்படி ஏறி வந்தவருகிட்ட யாராச்சும் கொறை சொல்லுவாங்களா?"

ஜோதிமணி அதிகாரியின் முன்னால் போய்க் கைகூப்பினாள். "சார், எல்லாம் காலையில பண்ணுன வேஷம். ஒரு மழைக்குத் தாங்காது. அந்தத் தகரத்தத் தூக்கிப் பாருங்க சார்!"

"தூக்கிப் பாக்கறதுக்கு ஃபாரத்துல கட்டம் இல்லம்மா. கண்ணுல படறதத்தான் எழுதணும்." எழுதினார். 'தேவை: பூஜ்யம்'.

எட்டிப் பார்த்த மாதவன் துள்ளிக் குதித்தான். "ஜீரோ! ஒரு குத்தம்கூட இல்லயாம்! எங்க கம்பெனியே ஜீரோ வாங்குனதில்ல!"

தெருவே கைதட்டியது. யாரோ லட்டு வாங்க ஓடினார்கள். ஜோதிமணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஐப்பசி மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. இவ்வளவு நல்ல ஜனங்களை வைத்துக்கொண்டு ஒரு வடிகாலைக்கூட வாங்க முடியவில்லையே! ஜீப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி இரண்டாவது டம்ளர் சர்பத்துக்கு உள்ளே போயிருந்தார். ஜீப் டிரைவருக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அழாதீங்கம்மா. உங்க தெரு மட்டுமில்ல. இதோட இருபத்தேழு வார்டு பாத்துட்டோம். எல்லா வார்டும் இப்புடித்தான் பளபளன்னு இருக்குது."

ஜோதிமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாருக்கும் பூஜ்யமா? அப்ப அந்த நிதி யாருக்குத்தான் போவுது?"

டிரைவர் ரோஷன் பீ வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னார்:

"நிதின்னு ஒண்ணு ஒதுக்கவே இல்லம்மா. சாரு வர்றாருன்னு சொன்னாப் போதும், ஊரே கைக்காசப் போட்டு ரோட்டச் சரிபண்ணிருது. நாங்க வர்றதுதான் திட்டமே!"