காது பரீட்சையில் காப்பியடித்தவன்

விருதுநகர் மாவட்டத்தில் பரீட்சையில் காப்பியடித்தவர்களை எண்ண ஆரம்பித்தால் இருக்கிற விரல்கள் போதாது. ஆனால் காது பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்டவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். அப்போது எனக்கு வயது நாற்பத்தெட்டு. (வயசுக்கேற்ற புத்தி எல்லோருக்கும் வந்துவிடுமா என்ன?)

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்கு சாம்பிள் பார்க்கிற வேலை. ஒவ்வொரு லோடு கிளம்பும் முன்பும் அதிலிருந்து நாலு வெடியை எடுத்துப் பொட்டலில் வைத்துக் கொளுத்தி, சத்தம் சரியாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். நான் தலையாட்டினால்தான் லாரி நகரும். இருபது வருஷமாக அந்த ஒரு தலையாட்டலை வைத்துத்தான் ஊருக்குள் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் ஏதோ மருத்துவக் கல்லூரியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வெடிச் சத்தத்தில் வேலை செய்கிறவர்களின் காது எப்படி இருக்கிறது என்று ஆராய்ச்சியாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அச்சங்குளம் பள்ளிக்கூடத்துக்குக் காது சோதிக்கிற வேன் வரும், வீட்டிலிருந்து ஒருவரையும் கூட்டி வர வேண்டும், முந்தின நாள் சத்தத்துப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். கூட வேலை பார்க்கும் மாரியப்பனைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏலே, காது கேக்கலைன்னு மிஷின் சொல்லிருச்சுன்னா அம்புட்டுத்தான். பேரை எழுதி ஆபீஸ்ல குடுத்துருவாங்க. சீசன் முடிஞ்சதும் உன்னைய அனுப்பிருவாங்க."

அவன் முகம் வெளுத்ததைப் பார்த்து எனக்கு அன்றைக்குப் பூராவும் சந்தோஷம். மூன்றாம் நாள் எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் கம்பெனி வேன் டிரைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, விசயம் தெரியுமா? காது போனவுக பேரெல்லாம் கலெக்டர் ஆபீசுக்கே போகுதாம்ல. அங்க சூலக்கரையில தனி பைலே போட்டுட்டாகளாம்."

நான் பெற்ற பொய்தான். ஆனால் மீசை முளைத்துத் திரும்பி வந்ததால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. நானே அதை நம்பிப் பயந்துவிட்டேன். காரணம் உண்டு. சில வருஷமாக என் இடது காதுக்குள் ஒரு சீட்டி விடாமல் ஊதிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் யார் பேசினாலும் தலையணைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, மனைவி பேச்சியம்மாளிடம்கூட. சத்தம் பார்க்கிறவனுக்குச் சத்தம் கேட்காது என்று தெரிந்தால் அந்தப் பொட்டலில் எனக்கு என்ன வேலை?

ஞாயிற்றுக்கிழமை வேனுக்குள் ஏறினேன். உள்ளே வெளிச்சத்தம் புகாத ஒரு சின்ன அறை, அதில் ஒரு கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மிஷினோடு ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தார். என் காதுகளில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்.

"எவ்வளவு மெல்லிசா சத்தம் கேட்டாலும் இதை அமுக்குங்கய்யா. சுவத்தைப் பார்த்தே உட்காருங்க. ரெடியா?"

எங்கள் பொட்டலில் 'ரெடி' என்றால் திரியில் நெருப்பு பிடித்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் நான் முகத்தைத் திருப்பி, நாற்காலியிலிருந்து இறங்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஹெட்போன் வயர் பிடுங்கிக்கொண்டு வந்தது.

அந்தப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "இதுல வெடி எதுவும் இல்லைங்கய்யா" என்றார், மிகவும் மரியாதையாக.

முதலில் வலது காது. குயீங், குயீங் என்று வந்தது, அமுக்கினேன். அடுத்து இடது காது. எதுவும் வரவில்லை. என் சொந்தச் சீட்டி மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. சூலக்கரையில் என் பைலைத் திறப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் தொழில் புத்தி வேலை செய்தது. எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு: திரியைப் பார்க்காதே, கொளுத்துகிறவன் கையைப் பார். கை விலகினால் சத்தம் வரும். கழுத்து வலிக்கிற மாதிரி லேசாகத் திரும்பினேன். கடைக்கண்ணில் கண்ணாடி வழியாக அந்தப் பெண்ணின் முழங்கை தெரிந்தது. முழங்கை அசைந்தது. அமுக்கினேன். மறுபடி அசைந்தது. மறுபடி அமுக்கினேன். அதற்குப் பிறகு ஒன்றைக்கூட விடவில்லை.

அந்தப் பெண் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய்ப் பெரிய டாக்டரம்மாவைக் கூட்டி வந்தார். டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார்.

"இருபது வருஷமா வெடிச் சத்தத்துல நிக்கிறீங்க. ஆனா இந்த இடது காது பச்சைப் பிள்ளை காது மாதிரி இருக்கே. என்ன செய்வீங்க?"

'தெரியலைம்மா' என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "நல்லெண்ணெய் விட்டுக்கிடுவேன் டாக்டரம்மா."

"எத்தனை சொட்டு?"

"ரெண்டு."

எழுதிக்கொண்டார். (ஒரு மருத்துவ ஆராய்ச்சிக்கு என்னால் ஆன உதவி.)

அடுத்து, வீட்டிலிருந்து வந்தவரிடம் கேள்வி கேட்க வேண்டும் என்று பேச்சியம்மாளைக் கூப்பிட்டார்கள். நான் கண்ணாலேயே பலவிதமாக ஜாடை காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இவருக்குக் காது கேட்கிறதுல ஏதாவது சிரமம் உண்டாம்மா?"

"இடது காது கேக்காது டாக்டரம்மா. நாலு வருசமா."

அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அதான் நான் எங்க போனாலும் இவுகளுக்கு வலது பக்கமா வந்துக்கிடுவேன். வேற யாரும் இடது பக்கமிருந்து கூப்பிட்டா முழங்கையால ஒரு இடி இடிப்பேன், திரும்பிப் பாத்துருவாக. நாலு பேரு முன்னால மரியாதை போயிரக் கூடாதுல்ல? அவுகளா சொல்லட்டும்னு நானும் கேட்டுக்கிடலை."

நாலு வருஷமாக அந்த முழங்கை இடியை நான் ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாண வீடுகளில்கூட இடிக்கிறாளே, இந்த வயசிலும் இவளுக்கு என்மேல் இவ்வளவு பிரியமா என்று கூச்சப்பட்டிருக்கிறேன். (பிரியம்தான். நான் நினைத்த ரகமில்லை, அதைவிட உசத்தி.)

மிஷின் பெண் தலையில் கை வைத்துக்கொண்டார். "மேடம், ஒரு தடவை நான் கொசு அடிச்சேன். அதுக்கும் அமுக்கினாரு. மெஷின்லதான் கோளாறுன்னு நினைச்சேன்."

டாக்டரம்மா பேனாவை எடுத்து, நல்லெண்ணெய் என்று எழுதியதை அடித்தார். பிறகு கோபமில்லாமல் கேட்டார்: "ஏன்யா இப்படிப் பண்ணீங்க?"

பைல், கலெக்டர் ஆபீஸ், வேலை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாங்க பேரே எழுதுறதில்லைய்யா. வெறும் நம்பர்தான். கம்பெனிக்கு எதுவும் போகாது. யாரு உங்ககிட்ட இப்படிச் சொன்னது?"

வேன் வாசலில் தன் முறைக்காகக் காத்திருந்த மாரியப்பன் தலையை உள்ளே நீட்டினான். "இவருதான் சொன்னாரு டாக்டரம்மா."

மறுபடி உட்கார வைத்தார்கள். இந்தத் தடவை ஜன்னல் கண்ணாடிக்கு ஒரு துண்டைத் தொங்கவிட்டார்கள். சுவரைப் பார்த்தபடி பட்டனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரம் கட்டைவிரலுக்கு வேலையே வரவில்லை. இவ்வளவு நேரமும் சத்தம் வந்துகொண்டுதான் இருக்கும், எனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்தபோது, அந்தச் சின்ன அறையில் முதல்தடவையாக எனக்குக் கண் கலங்கியது. நல்லவேளை, அதை அளக்கிற மிஷின் அந்த வேனில் இல்லை.

போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. இடது காதுக்கு ஒரு மிஷின் வைத்துக்கொள்ள வேண்டும். பொட்டலில் இரண்டு காதையும் மூடாமல் நிற்கவே கூடாது. பேச்சியம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மிச்சம் இருக்கிறதுல நான் பேசுறது கேக்குமா?"

"கேட்கும்மா. முகத்தைப் பார்த்துப் பேசுங்க."

"இந்த மூஞ்சியை எம்புட்டு நேரம்தான் பாக்குறது" என்றாள். குரல் தழுதழுத்தது. அதை என் வலது காது துல்லியமாகக் கேட்டது.

திங்கட்கிழமை காலையில் நானே முதலாளி முன்னால் போய் நின்று சொல்லிவிட்டேன். தலையாட்டல் போனால் போகட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரித்தார்.

"அட, நீ என்னைக்குய்யா காதை வச்சுச் சொன்னே? வெடிச்சதும் தாள் எம்புட்டுத் தூரம் செதறுதுன்னு பாத்துட்டுத்தானே தலையாட்டுறே. எனக்குத் தெரியாதா?"

எனக்குத்தான் தெரியாது. யோசித்துப் பார்த்தால் உண்மை. இன்றும் அதே வேலையில்தான் இருக்கிறேன், இரண்டு காதிலும் கொழுக்கட்டை மாதிரி மூடி மாட்டிக்கொண்டு.

போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பேச்சுக்கு நடுவே மாப்பிள்ளையின் அப்பா மீசையைத் தடவுவதற்குக் கையைத் தூக்கினார். வேன் கதையை அம்மாவிடம் கேட்டிருந்த என் மகள், காபித் தட்டோடு நின்றவள், என்னைப் பார்த்துக்கொண்டே தட்டுக்கு அடியில் கட்டைவிரலை ஒரு அமுக்கு அமுக்கினாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெடித்துவிட்டேன். வந்தவர்கள் திகைத்துப்போய், "என்ன, சம்பந்தி சிரிக்கிறாரு?" என்று பேச்சியம்மாளைப் பார்த்தார்கள். அவள் கதை முழுவதையும், கொசு உட்பட, சொல்லி முடித்துவிட்டு என்னைக் காட்டி நற்சாட்சிப் பத்திரமும் வாசித்தாள்.

"இவுகளுக்குக் காதுதான் கொஞ்சம் மந்தம். கண்ணு ரெண்டும் நல்லாக் கேக்கும்."